எதிர்ப்பொருளுக்கு ஓர் உரைகல்

பொன் வாங்கச் செல்பவர், கடைக்காரர் 'இது பொன்' என்று சொன்ன மாத்திரத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. உரைகல்லில் ஓர் இழை இழைத்துப் பார்ப்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். ஆராய்ச்சிச் சாலைகளில் நாள்தோறும் கையாளப்படும் ஒரு பொருளுக்கு அப்படியோர் உரைகல் உண்டா, உண்டென்றால் அதன் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய பேச்சு. பொருளின் பெயர் எதிர்ப்பொருள். உரைகல்லின் பெயர் தடுப்புப் பெப்டைடு. பெயர்களைக் கேட்டு மாணவர்கள் மிரள வேண்டியதில்லை; பள்ளியில் படித்த உயிரியலும் சிறிது கணக்கும் இருந்தால் போதும்.

முதலில் இந்த எதிர்ப்பொருளைக் கொண்டு எதைத் தேடுகிறோம் என்று பார்ப்போம். ஓர் உயிரணு வளர்ந்து, தன் மரபுப் பொருளைப் படியெடுத்துக்கொண்டு, இரண்டாகப் பிளவுறுகிறது. பிறந்த இரண்டும் மீண்டும் அவ்வாறே செய்கின்றன. இதனை உயிரணுச் சுழற்சி என்பர். காயம் ஆறுவதும் குழந்தை வளர்வதும் இதனால்தான். தாளம் தப்பி, நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் உயிரணுக்கள் பெருகத் தொடங்கினால் அதுவே புற்றுநோயாகிறது. அப்படியானால் இந்தத் தாளத்தைப் போடுவது யார்?

விடையின் ஒரு பகுதி 1982ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் கடற்கரை ஊராகிய உட்ஸ் ஹோலில் கிடைத்தது. அங்குள்ள கடல் உயிரியல் ஆய்வகத்தில் டிம் ஹன்ட் என்னும் ஆங்கிலேயர், உடலெல்லாம் முட்களைக் கொண்ட கடல் முள்ளெலியின் முட்டைகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவுற்ற முட்டைகளுக்குக் கதிரியக்கம் ஏற்றிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்து, சிறிது நேரத்துக்கொருமுறை மாதிரி எடுத்து, புதிதாக உருவான புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரித்துப் பார்த்தார். நேரம் செல்லச் செல்லப் புரதப் பட்டைகள் எல்லாம் கருமை ஏறிக்கொண்டே வந்தன. ஒன்று மட்டும் கருமை ஏறி, முட்டை பிளவுறுவதற்குச் சற்று முன் சட்டென்று மறைந்தது; பிறகு மீண்டும் தோன்றியது; அடுத்த பிளவுக்கு முன் மீண்டும் மறைந்தது. உருவாக்கிய புரதத்தை உயிரணு வேண்டுமென்றே அழிக்கிறது என்பது அதுவரை எவரும் எதிர்பாராத செய்தி. சுழற்சிதோறும் வந்து போவதால் அதற்குச் சைக்லின் என்று பெயரிட்டனர். ஆராய்ச்சிக் கட்டுரை 1983இல் வெளிவந்தது. சைக்லின் தனித்து நின்று வேலை செய்வதில்லை, சி.டி.கே. 1 என்னும் நொதியோடு இணைந்தே உயிரணுவைப் பிளவுக்குள் தள்ளுகிறது. ஈஸ்ட்டில் இந்த நொதியின் மரபணுவை ஆராய்ந்த லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகிய இருவரோடு ஹன்டும் 2001ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கடல் முள்ளெலி ஹன்டுக்கு வாய்த்த நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். அதன் முட்டைகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கருவுற்று, அணிவகுப்பில் நடப்பதுபோல் ஒரே நேரத்தில் பிளவுறும். சைக்லினும் அவற்றில் தாராளமாக உருவாகிறது. ஆகவே, கலவை முழுவதையும் ஜெல்லில் ஓடவிட்டாலும் அது கண்ணுக்குத் தெரிந்தது. மனித உயிரணுவின் நிலை வேறு. ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே சைக்லின் மிகச் சிறிதளவே இருக்கிறது. உயிரணுக்களும் தத்தம் போக்கில் பிளவுறுகின்றன. மனிதச் சைக்லின் ஒன்றின் மரபணுப் படியை 1989இல் ஜோனதன் பைன்ஸும் டோனி ஹன்டரும் பிரித்தெடுத்தார்கள். சைக்லின் பி 1 என்று இன்று நாம் அழைப்பது அதனையே. அது 433 அமினோ அமிலங்களால் ஆனது. இதனைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டத் தேடித் தரும் ஆள் ஒருவன் வேண்டும். அந்த ஆள்தான் எதிர்ப்பொருள்.

நோய்க்கிருமியோ நஞ்சோ உடலுக்குள் புகுந்தால் அதனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் இரத்தத்தில் தோன்றுகின்றன. தொண்டை அடைப்பான், வில்வாத நோய் ஆகியவற்றின் நஞ்சுகளை முறிக்கும் ஆற்றல் இரத்தத்தின் தெளிநீரில் இருப்பதை 1890இல் பெர்லினில் பெரிங்கும் கிட்டாசாட்டோவும் காட்டினார்கள். அந்த ஆற்றலுக்குரிய புரதமே எதிர்ப்பொருள். அதற்கு இரண்டு கைகள். இரண்டும் ஒரே வடிவத்தைத்தான் பற்றும். இந்தக் குணத்தை அறிந்த ஆராய்ச்சியாளர், 'முயலுக்கு நாம் விரும்பும் புரதத்தைச் செலுத்தினால் அந்தப் புரதத்தையே தேடிப் பற்றும் எதிர்ப்பொருள் கிடைக்குமல்லவா?' என்று எண்ணினர். கிடைக்கத்தான் செய்கிறது.

ஆனால் புரதம் முழுவதையும் தூய்மையாகத் தயாரிப்பது அரிய வேலை. ஆதலின் ஒரு குறுக்கு வழியை மேற்கொண்டனர். புரதம் என்பது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சரம். அதில் பதினைந்து மணி நீளத்துக்கு ஒரு துண்டைத் தெரிந்தெடுத்து, இரசாயன முறையால் செய்துகொள்ளலாம். அத்துண்டுக்குப் பெப்டைடு என்று பெயர். 1963இல் அமெரிக்கரான புரூஸ் மெரிஃபீல்டு, சிறு பிசின் மணிகளின் மீது அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும் முறையைக் கண்டறிந்த பிறகு இவ்வேலை எளிதாயிற்று. எந்தத் துண்டைத் தெரிந்தெடுப்பது என்பதில்தான் அறிவுக்கு வேலை. சைக்லின்கள் பலவகை, அவற்றின் நடுப்பகுதி ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அங்கிருந்து துண்டை எடுத்தால் சைக்லின் பி 1ஐத் தேடப் போனவன் அதன் உடன்பிறப்புகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவான். முனைப் பகுதிகளே ஒன்றுக்கொன்று வேறுபட்டவை.

இத்துணைச் சிறிய துண்டை முயலின் உடல் பொருட்படுத்தாது. எனவே அதனை ஒரு பெரிய புரதத்தின் முதுகில் ஏற்றி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது கலிஃபோர்னியக் கடற்கரையில் வாழும் ஒருவகை நத்தையின் இரத்தப் புரதம். இரும்புக்குப் பதில் செம்பைக் கொண்டதாகையால் அந்த இரத்தம் நீல நிறமானது. முயலோ, சுமையையும் சுமந்து வந்ததையும் வேற்றுமை பாராட்டாமல் இரண்டுக்கும் எதிர்ப்பொருள் செய்கிறது. அன்றியும், அதுவரை தன் வாழ்நாளில் சந்தித்த கிருமிகளுக்காகச் செய்துவைத்த எதிர்ப்பொருள்களும் அதன் இரத்தத்தில் உண்டு. ஆகவே 'சைக்லின் பி 1 எதிர்ப்பொருள்' என்ற சீட்டு ஒட்டிய குப்பியில் பலதரப்பட்டவர் கூடியிருக்கக் கூடும். பெப்டைடைக் கொண்டே வடித்துத் தூய்மைப்படுத்திய பின்னும் கலப்பு முற்றிலும் நீங்கிவிடுவதில்லை.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். மனித உயிரணுக்களை உடைத்து, புரதங்களை ஜெல்லில் பருமன் வாரியாகப் பிரித்து, ஒரு மெல்லிய தாள் போன்ற சவ்வுக்கு மாற்றி, அதன்மேல் எதிர்ப்பொருளைப் படரவிடுகிறார்கள். எங்கே அது ஒட்டுகிறதோ அங்கே ஒரு பட்டை தெரியும். 1979இல் உருவான இம்முறைக்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர். ஒரே ஒரு பட்டை தோன்றினால் மகிழ்ச்சி. பெரும்பாலும் மூன்று நான்கு தோன்றும். இவற்றுள் சைக்லின் எது? பருமனை வைத்துச் சொல்லலாமே என்பீர்கள். கணக்குப்படி சைக்லின் பி 1இன் எடை ஏறத்தாழ 48,000. ஜெல்லிலோ அது 55,000க்கும் 60,000க்கும் இடையே போய் நிற்கிறது. சில புரதங்களின் இயல்பு அது. பருமன் மட்டும் போதிய சான்றாகாது.

இங்கேதான் உரைகல் வெளிவருகிறது. முயலுக்குச் செலுத்திய அதே பெப்டைடு, நத்தைப் புரதத்தின் மேல் ஏற்றப்படாமல் தனித்த துண்டாக, இன்னொரு குப்பியில் இருக்கிறது. எதிர்ப்பொருளை இரண்டு சமபங்காக்குகிறோம். ஒரு பங்கில் பெப்டைடைக் கலந்து அரைமணி நேரமோ, குளிரில் ஓர் இரவோ வைக்கிறோம். மற்றதில் பெப்டைடு இல்லாத அதே உப்புக் கரைசலை அதே அளவு கலக்கிறோம். பிறகு ஒரே மாதிரியான இரண்டு சவ்வுத் துண்டுகளின் மேல் இவற்றைத் தனித்தனியே படரவிடுகிறோம். முதல் பங்கில் பெப்டைடைத் தேடும் எதிர்ப்பொருள்களின் கைகள் ஏற்கெனவே நிறைந்துவிட்டன. சவ்வில் உள்ள சைக்லினைப் பற்ற அவற்றுக்குக் கையில்லை. ஆகவே அங்கே பட்டை மறைய வேண்டும். நத்தைப் புரதத்துக்கும் பழைய கிருமிகளுக்கும் பிறந்த எதிர்ப்பொருள்களின் கைகளோ காலியாகவே உள்ளன. அவற்றால் உண்டான பட்டைகள் இரண்டு சவ்விலும் அசையாமல் நிற்கும்.

பெப்டைடை எவ்வளவு சேர்ப்பது? எதிர்ப்பொருளின் எடையைப் போல் ஐந்து மடங்கு என்பது பல ஆய்வகங்களில் வழக்கம். ஐந்து மடங்கு என்பது சிறிய அளவாகத் தோன்றலாம், கணக்கிட்டுப் பாருங்கள். எதிர்ப்பொருளின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 1,50,000. பதினைந்து அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடின் எடை ஏறத்தாழ 1,700. ஆகவே சம எடை எடுத்தாலே ஓர் எதிர்ப்பொருளுக்கு 88 பெப்டைடுகள் வந்துவிடும். ஐந்து மடங்கென்றால் 440. எதிர்ப்பொருளுக்குக் கைகள் இரண்டாகையால் கை ஒன்றுக்கு 220. ஒரு கையைச் சுற்றி இருநூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தால் அது காலியாக இருப்பது எங்ஙனம்? கணிதம் எதற்கு என்று கேட்கும் உயிரியல் மாணவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். கவனமுள்ளவர்கள் மூன்றாவது பங்கு ஒன்றும் வைப்பார்கள். அதில் தொடர்பற்ற வேறொரு பெப்டைடைச் சேர்ப்பார்கள். அங்கேயும் பட்டை மறைந்தால், வேலை செய்தது துண்டின் எழுத்து வரிசையன்று. ஏதோ ஒரு பெப்டைடு கலந்ததே காரணம் என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்து, இரண்டாவது சவ்வில் இருந்த பட்டை முதல் சவ்வில் மறைந்துவிட்டது. அது சைக்லின்தான் என்று முடிவு கட்டலாமா? ஆண்டாண்டு காலமாகப் பலர் அப்படித்தான் முடிவு கட்டி வந்தார்கள். அங்கேதான் பிழை ஒளிந்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். எழுத்துக்கூட்டி மட்டும் பார்க்கத் தெரிந்த ஒருவனிடம் ஒரு நூலைக் கொடுத்து, 'கல்வி என்ற சொல்லைத் தேடு. அடையாளம், அதில் கல் என்ற எழுத்துகள் இருக்கும்' என்று சொல்லி அனுப்புகிறோம். அவன் கல்வியைக் கொண்டுவருவான். பகலையும் கொண்டுவருவான், நகலையும் விடமாட்டான். எல்லாவற்றிலும் 'கல்' இருக்கிறதே! எதிர்ப்பொருளும் இத்தகையவனே. சரம் முழுவதையும் அது படிப்பதில்லை. ஐந்தாறு அமினோ அமில எழுத்துகளைத் தடவிப் பார்த்தே பற்றுகிறது. இருபதே எழுத்துகள் கொண்ட புரத மொழியில் அவ்வெழுத்துகள் வேறொரு புரதத்திலும் வரலாம். இப்போது அவன் கையில் 'கல்' என்று எழுதிய சீட்டையே திணித்துவிட்டால் என்ன ஆகும்? கல்வியை மட்டுமன்று, பகலையும் அவன் விட்டுவிடுவான். பெப்டைடு தடுப்பதும் அப்படியே. சரியான புரதத்தின் பட்டையும் மறையும். அதே எழுத்துகளைத் தற்செயலாகக் கொண்ட தவறான புரதத்தின் பட்டையும் மறையும்.

ஆகவே இந்த உரைகல் ஒருபக்கம் மட்டுமே பேசக் கூடியது. பெப்டைடு கலந்தும் மறையாத பட்டையைப் பெரும்பாலும் குற்றவாளி என்று தள்ளிவிடலாம். மறைந்த பட்டையை நிரபராதி என்று விடுவிக்க அதனால் இயலாது. மடிந்த புரதத்தின் முழு வடிவத்தைப் பற்றும் எதிர்ப்பொருள்களின் முன்னால் இச்சிறு துண்டு செயலற்றது என்பதையும் சேர்த்துக்கொள்க.

இது வெறும் தருக்கம் அன்று. எரித்ரோபொயட்டின் என்னும் ஹார்மோன் சிவப்பணுக்களைப் பெருக்குவது. இரத்தச் சோகையுற்ற புற்றுநோயாளிகளுக்கும் மருந்தாகத் தரப்படுவது. அதனை ஏற்கும் புரதம் புற்றுநோய்க் கட்டிகளில் மிகுதியாக இருக்கிறது என்று, எதிர்ப்பொருள் கொண்டு நிறமேற்றிப் பார்த்த பல கட்டுரைகள் கூறின. அது மெய்யானால் மருந்தே கட்டிக்கு உரமாகிவிடுமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. 2006இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அவ்வாறு பயன்பட்ட எதிர்ப்பொருள்களைச் சோதித்து, அவை அந்தப் புரதத்துக்கு நம்பத்தக்க சாட்சிகள் அல்ல என்று காட்டியது. பெரிதும் பயன்பட்ட ஒன்று, வெப்பம் முதலிய இடர்களின்போது உயிரணுவைக் காக்கும் வேறொரு புரதத்தையும் பற்றிக்கொண்டிருந்தது. இரண்டு புரதங்களிலும் ஒத்த சிறு எழுத்து வரிசை இருந்தது. அந்த வேற்றுப் புரதத்திலிருந்து எடுத்த துண்டைக் கலந்தபோதும் திசுவின் நிறம் மங்கிற்று. 'பகலில்' இருந்த 'கல்' கையை நிறைத்துவிட்டது. அந்த ஆராய்ச்சியைச் செய்தவர்கள் அதே ஹார்மோனை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதனால் சோதனை பொய்யாகிவிடாது. படிப்பவர் இன்னும் ஒருமுறை ஊன்றிப் படிப்பார், அவ்வளவே.

சுழற்சிப் புரதங்களிலும் இந்த ஐயம் நோயாளியின் படுக்கைவரை வரக் கூடியது. மேன்டில் உயிரணு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயைப் பிரித்தறிவதற்கு மருத்துவர்கள் பார்க்கும் முக்கியமான அடையாளங்களுள் ஒன்று, சைக்லின் டி 1க்கு உரிய எதிர்ப்பொருள் திசுவில் ஏற்றும் நிறம். அந்த எதிர்ப்பொருள் உடன்பிறப்பான டி 2ஐப் பற்றுவதாயின் நோயின் பெயரே மாறிப்போகும்.

அப்படியானால் இதைவிட மேலான சோதனை எது? புரதத்தையே இல்லாமற் செய்துவிடுவது. மரபணுவை நீக்கிய உயிரணுவில் அப்புரதம் இருக்க வழியில்லை. அங்கேயும் பட்டை தோன்றினால் எதிர்ப்பொருள் பொய் சொல்கிறது. 2023இல் வெளியான ஒரு பெரிய முயற்சியில், மூளை நரம்பு ஆராய்ச்சிக்கு வேண்டிய 65 புரதங்களுக்காகக் கடைகளில் விற்கும் 614 எதிர்ப்பொருள்களை இம்முறையில் சோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு சோதனையிலாவது தோற்றன. அவற்றுள் பல, ஏற்கெனவே பல கட்டுரைகளில் சாட்சி சொல்லிவிட்டவை.

ஆனால் சைக்லின் பி 1ஐ ஆராய்பவருக்கு இந்த மேலான வழி நேராகத் திறந்திருக்கவில்லை. அந்த மரபணு அறவே இல்லாத சுண்டெலிகள் கருவிலேயே இறந்துவிடுவதை 1998இல் கண்டார்கள். பிளவுக்கு இன்றியமையாத புரதத்தை நீக்கிவிட்டு, உயிரணுக்களை வழக்கம்போல் வளர்த்துக்கொண்டே போக முடியாது. ஆகவே வேறு சாட்சிகளைச் சுற்றிலும் நிறுத்த வேண்டியிருக்கிறது. 1998இல் ஃபயரும் மெல்லோவும் வெளிப்படுத்திய ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையால் புரதத்தை முற்றிலும் அழிக்காமல் சில நாட்களுக்குக் குறைக்கலாம். குறைத்த அளவுக்குப் பட்டையும் மங்க வேண்டும். புரதத்தின் வேறொரு முனைக்குச் செய்த எதிர்ப்பொருளும் அதே இடத்தைக் காட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, சைக்லினின் பெயரிலேயே இருக்கிறது. நொகோடசோல் என்ற மருந்தால் உயிரணுக்களைப் பிளவின் நடுவே நிறுத்தினால் சைக்லின் பி 1 மிகுந்து நிற்கும். மருந்தைக் கழுவி நீக்கினால் அவை பிளவை முடித்துக்கொள்ளும், சைக்லின் அழியும். பட்டையும் அந்தத் தாளத்துக்கு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கலாம். கடல் முள்ளெலியின் முட்டையில் ஹன்ட் பார்த்த அதே காட்சி!

எதிர்ப்பொருளை மெய்ப்பிப்பதற்கு உரிய வழிகள் என்று 2016இல் பல நாட்டு விஞ்ஞானிகள் கொண்ட குழு ஐந்து வழிகளை வகுத்தது. மரபணுவை நீக்கல் அல்லது குறைத்தல், வேறொரு எதிர்ப்பொருளோடு ஒப்பிடல் முதலியன அதில் உண்டு. பெப்டைடுத் தடுப்பு இல்லை. இதைக் கண்டு தடுப்புப் பெப்டைடைக் குப்பையில் எறிந்துவிட வேண்டும் என்பாரும் உளர். நான் அப்படிக் கருதவில்லை. மலிவாகவும் விரைவாகவும் சில பொய்ச் சாட்சிகளைத் தள்ளிவிட அது உதவுகிறது. அன்றியும், ஓரிடத்தில் அதன் பயன் மிகப் பெரிது.

சைக்லினின் துணையாகிய சி.டி.கே. 1இல் 15ஆவது இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. உயிரணு பிளவுக்கு ஆயத்தமாகும் வரை வீ 1 என்ற நொதி அந்த இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி வைத்து வேலையை நிறுத்தி வைக்கிறது. இந்நொதி பழுதான ஈஸ்ட், உரிய அளவு வளர்வதற்கு முன்பே பிளவுற்றுக் குட்டையாகிவிடும். பால் நர்ஸ் எடின்பரோவில் அதனைக் கண்டபடியால், 'சிறியது' என்னும் பொருள்படும் ஸ்காட்லாந்துச் சொல்லாகிய 'வீ' அதற்குப் பெயராயிற்று. உரிய வேளையில் வேறொரு நொதி வந்து பாஸ்பேட்டைக் கழற்றுகிறது, உயிரணு பிளவுறுகிறது. பாஸ்பேட் ஒட்டிய நிலையை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள்கள் உண்டு. அவை பாஸ்பேட்டைத்தான் பார்க்கின்றனவா, வெறும் புரதத்தைப் பார்க்கின்றனவா? இரண்டு பெப்டைடுகளைச் செய்கிறார்கள். எழுத்து வரிசை இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் டைரோசினின் மேல் பாஸ்பேட் உண்டு, மற்றதில் இல்லை. பாஸ்பேட் உள்ள துண்டைக் கலந்த சவ்வில் பட்டை மறைந்து, பாஸ்பேட் இல்லாத துண்டைக் கலந்த சவ்வில் பட்டை சற்றும் குறையாமல் நின்றால், அந்த எதிர்ப்பொருள் பார்ப்பது பாஸ்பேட்டையும் சேர்த்துத்தான் என்பது உறுதியாகிறது. பட்டை சி.டி.கே. 1 உடையதுதானா என்ற கேள்வி அப்போதும் மீதி நிற்கும். அதற்கு முன்சொன்ன மற்றச் சாட்சிகளையே அழைக்க வேண்டும்.